சோகிரென் நோய்க்கூட்டறிகுறியில் மெட்பார்மின் ஆய்வு

சோகிரென் நோய்க்கூட்டறிகுறியில் மெட்பார்மின் ஆய்வு என்பது, நீரிழிவு நோயாளர்களுக்கு வழங்கப்படும் மெட்பார்மின் என்னும் மருந்து, தன்னுடல் தாக்குநோயால் ஏற்படும் வாய் உலர்வைக் குறைக்குமா எனச் சுண்டெலிகளில் சோதித்த மருத்துவ ஆய்வைக் குறிக்கும். கொரியக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் நடத்திய இவ்வாய்வின் முடிவுகள் 2019ஆம் ஆண்டு 'ஆர்த்ரைட்டிசு ரிசர்ச் அண்ட் தெரபி' என்ற ஆய்விதழில் வெளியாயின. மருந்து பெற்ற சுண்டெலிகளின் உமிழ்நீர்ச் சுரப்பிகளில் அழற்சி குறைந்ததும், உமிழ்நீர் சுரக்கும் அளவு மேம்பட்டதும் இதன் முதன்மையான முடிவுகளாகும். ஒரு நோய்க்காகப் பல்லாண்டுகள் பயன்பட்டுவரும் மருந்தை வேறொரு நோய்க்குச் சோதித்துப் பார்க்கும் முயற்சிக்கு இது ஓர் எடுத்துக்காட்டாகும்.

நோயின் தன்மை

சோகிரென் நோய்க்கூட்டறிகுறி நாட்பட்ட தன்னுடல் தாக்குநோய்களுள் ஒன்று. வெளியிலிருந்து வரும் நுண்ணுயிரிகளை எதிர்க்க வேண்டிய நோயெதிர்ப்பு அமைப்பு, இந்நோயில் உடலின் சொந்தச் சுரப்பிகளையே தாக்குகிறது. உமிழ்நீர்ச் சுரப்பிகளும் கண்ணீர்ச் சுரப்பிகளும் முதலில் பாதிக்கப்படுவதால் வாய் உலர்வும் கண் உலர்வும் இதன் முதன்மை அறிகுறிகளாக அமைகின்றன. மூட்டுவலி, கடும் சோர்வு, நரம்புப் பாதிப்பு, சிறுநீரகப் பாதிப்பு ஆகியவையும் சிலருக்கு ஏற்படுவதுண்டு. ஒரு சிறு பகுதியினருக்கு நிணநீர்ப் புற்றுநோய் உண்டாகும் வாய்ப்பும் உள்ளது. நோயாளர்களுள் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேர் பெண்கள் ஆவர்.

சுவீடன் நாட்டுக் கண் மருத்துவரான என்றிக் சோகிரென் (1899–1986) என்பவரின் பெயரால் இந்நோய் அழைக்கப்படுகிறது. இவர் 1933ஆம் ஆண்டு தமது முனைவர் பட்ட ஆய்வேட்டில் கண்ணும் வாயும் உலர்ந்த 19 பெண்களைப் பற்றி விவரித்தார். அவர்களுள் 13 பேருக்கு மூட்டழற்சியும் இருந்தது. கண் உலர்வைக் கண்ணின் நோயாக மட்டும் கொள்ளாமல், உடல் முழுவதையும் தழுவிய ஒரு நோயின் பகுதியாகக் கண்டதே இவரது பங்களிப்பாகும்.

நோயாளரின் உதட்டின் உட்புறத்திலிருந்து சிறு உமிழ்நீர்ச் சுரப்பியின் துணுக்கை எடுத்து நுண்நோக்கியில் பார்த்தால், சுரப்பித் திசுவின் இடையே நிணநீர்க்கலங்கள் திரள் திரளாகக் குவிந்திருப்பதைக் காணலாம். 50 அல்லது அதற்கு மேற்பட்ட நிணநீர்க்கலங்கள் சேர்ந்த திரள் ஒரு குவியம் எனப்படும். 4 சதுர மில்லிமீட்டர் திசுவில் எத்தனை குவியங்கள் உள்ளன என்று எண்ணி நோயின் அளவு மதிப்பிடப்படுகிறது. குருதியில் 'ரோ', 'லா' என்னும் புரதங்களுக்கு எதிரான பிறபொருளெதிரிகள் காணப்படுவதும் நோயை உறுதிசெய்ய உதவும். 2016ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட பன்னாட்டு வரையறையின்படி, தூண்டப்படாத நிலையில் நிமிடத்திற்கு 0.1 மில்லிலீட்டர் அல்லது அதற்குக் குறைவாக உமிழ்நீர் சுரப்பது நோயின் அளவுகோல்களுள் ஒன்றாகும்.

வாய் உலர்வின் விளைவுகள்

நலமான ஒருவருக்கு நாளொன்றுக்கு அரை லீட்டர் முதல் ஒன்றரை லீட்டர் வரை உமிழ்நீர் சுரக்கிறது. உமிழ்நீர் உணவை ஈரப்படுத்துவதோடு, பற்களின் மேற்பரப்பில் தங்கும் அமிலத்தை நடுநிலையாக்குகிறது; பல் எனாமலுக்குத் தேவையான கால்சியம், பாசுபேட்டு ஆகியவற்றைத் தருகிறது; நுண்ணுயிரிகளைக் கட்டுப்படுத்தும் புரதங்களையும் கொண்டுள்ளது. அது குறையும்போது பின்வரும் இடர்கள் தோன்றுகின்றன:

- உலர்ந்த உணவை விழுங்க முடியாமை, ஒவ்வொரு கவளத்துக்கும் நீர் தேவைப்படல்
- நீண்ட நேரம் பேச முடியாமை
- பற்களின் கழுத்துப் பகுதியில் விரைவாகப் பரவும் சொத்தை
- வாயில் கேண்டிடா பூஞ்சைத் தொற்று
- சுவை உணர்வு குறைதல்
- இரவில் அடிக்கடி விழித்து நீர் அருந்த வேண்டியிருத்தல்

உயிருக்கு உடனடி ஆபத்து இல்லை என்பதால் வாய் உலர்வு பிறரால் சிறிய தொல்லையாகக் கருதப்படுவதுண்டு. எனினும் நோயாளருக்கு இது உண்ணல், பேசல், உறங்கல் ஆகிய அன்றாடச் செயல்கள் அனைத்தையும் ஆண்டுக்கணக்கில் பாதிக்கும் ஒன்றாகும்.

முந்தைய மருந்துகளும் அவற்றின் வரம்பும்

பைலோகார்ப்பின், செவிமலின் ஆகிய மருந்துகள் எஞ்சியுள்ள சுரப்பித் திசுவைத் தூண்டி உமிழ்நீரைக் கூட்டுகின்றன. அமெரிக்காவில் இவை சோகிரென் நோயாளரின் வாய் உலர்வுக்காக முறையே 1998, 2000 ஆகிய ஆண்டுகளில் ஒப்புதல் பெற்றன. இவை அறிகுறியைத் தணிப்பவையே அன்றி, சுரப்பியை அழிக்கும் அழற்சியை நிறுத்துபவை அல்ல. தூண்டுவதற்குத் திசுவே எஞ்சாத நிலையில் இவற்றால் பயன் குறைவு. வியர்வை, முகம் சிவத்தல், அடிக்கடி சிறுநீர் கழித்தல் ஆகிய பக்க விளைவுகளும் உண்டு.

நோயின் மூலத்தைத் தாக்கும் நோக்கில், வேறு தன்னுடல் தாக்குநோய்களில் பயன்தந்த மருந்துகள் இந்நோயிலும் சோதிக்கப்பட்டன. அவற்றுள் சில:

- இன்பிளிக்சிமாப்: 103 நோயாளர்களிடம் நடத்தப்பட்டு 2004ஆம் ஆண்டு வெளியான பிரெஞ்சு ஆய்வில் பயன் தரவில்லை.
- ஐதராக்சிகுளோரோகுயின்: 120 நோயாளர்களிடம் நடத்தப்பட்டு 2014ஆம் ஆண்டு வெளியான பிரெஞ்சு ஆய்வில், உலர்வு, வலி, சோர்வு ஆகியவற்றில் போலிமருந்தைவிட மேலானதாக அமையவில்லை.
- ரிட்டுக்சிமாப்: 133 நோயாளர்களிடம் நடத்தப்பட்டு 2017ஆம் ஆண்டு வெளியான பிரித்தானிய ஆய்வில், உலர்வும் சோர்வும் குறையவில்லை.

2024ஆம் ஆண்டு முடியும் வரை, இந்நோயின் போக்கையே மாற்றும் மருந்து எதுவும் அமெரிக்காவிலோ ஐரோப்பிய ஒன்றியத்திலோ இந்நோய்க்கென ஒப்புதல் பெற்றிருக்கவில்லை. இந்த இடைவெளியே புதிய வழிகளைத் தேடத் தூண்டியது.

மெட்பார்மின்

வரலாறு

மெட்பார்மினின் வேர் ஒரு மூலிகையில் உள்ளது. ஐரோப்பாவில் காணப்படும் 'கலீகா அபிசினாலிசு' என்னும் அவரைக் குடும்பச் செடி நாட்டு மருத்துவத்தில் பயன்பட்டு வந்தது. இச்செடியில் குவானிடின் சார்ந்த வேதிப்பொருட்கள் உள்ளன. குவானிடின் விலங்குகளின் குருதிச் சர்க்கரையைக் குறைக்கிறது என்பது 1918இல் அறியப்பட்டது. 1922ஆம் ஆண்டு தப்ளின் நகரில் எமில் வெர்னர், சேம்சு பெல் ஆகியோர் மெட்பார்மினைத் தொகுத்துருவாக்கினர். அதன் பின்னர் இன்சுலின் பரவலாகியதால் இது கவனிப்பாரற்றுப் போயிற்று.

1950ஆம் ஆண்டளவில் பிலிப்பைன்சு மருத்துவர் எவுசேபியோ கார்சியா, சளிக்காய்ச்சல் நோயாளர்களுக்கு இதனை வழங்கினார். அப்போது சிலரது குருதிச் சர்க்கரை குறைவதையும் குறிப்பிட்டார். 1957இல் பிரெஞ்சு மருத்துவர் சான் இசுடெர்ன் நீரிழிவு நோயாளர்களிடம் இதனைப் பயன்படுத்திய முடிவுகளை வெளியிட்டார். இதே குடும்பத்தைச் சேர்ந்த பென்பார்மின், குருதியில் இலாக்டிக் அமிலம் மிகுதலை உண்டாக்கியதால் 1970களின் இறுதியில் பல நாடுகளில் விலக்கப்பட்டது. அந்த அச்சத்தின் நிழல் மெட்பார்மின் மீதும் படிந்தது. அமெரிக்காவில் 1994இன் இறுதியிலேயே இதற்கு ஒப்புதல் கிடைத்தது. 1998ஆம் ஆண்டு வெளியான பிரித்தானிய நீரிழிவு ஆய்வுக்குப் பின்னர், இது இரண்டாம் வகை நீரிழிவுக்கு முதன்மையான மருந்துகளுள் ஒன்றாக நிலைபெற்றது. உலக சுகாதார அமைப்பின் இன்றியமையா மருந்துகள் பட்டியலிலும் இது இடம்பெற்றுள்ளது.

செயற்படும் விதம்

உயிரணுவின் ஆற்றல் நிலையமான இழைமணியில் முதலாம் கூட்டமைவு எனப்படும் நொதித்தொகுதியை மெட்பார்மின் ஓரளவு தடுக்கிறது என 2000ஆம் ஆண்டு கண்டறியப்பட்டது. இதனால் உயிரணுவில் ஆற்றல் இருப்பு சற்றுக் குறைகிறது. ஆற்றல் குறைவை உணரும் ஏ.எம்.பி. கைனேசு என்னும் நொதி அப்போது தூண்டப்படுகிறது. 2001இல் இது காட்டப்பட்டது. இந்நொதி, ஆற்றலைச் செலவிடும் செயல்களைக் குறைத்து, ஆற்றலை ஈட்டும் செயல்களைக் கூட்டுகிறது. உயிரணுவின் வளர்ச்சியையும் பெருக்கத்தையும் முடுக்கிவிடும் எம்டோர் என்னும் நொதியும் இதனால் அடக்கப்படுகிறது. கல்லீரல் புதிதாகக் குளுக்கோசை உண்டாக்குவது குறைவதே மெட்பார்மினின் நீரிழிவுப் பயனுக்கு முதன்மைக் காரணமாகும்.

நோயெதிர்ப்பு அமைப்புடன் தொடர்பு

சர்க்கரை நோய்க்கான மருந்துக்கும் சுரப்பியைத் தாக்கும் வெள்ளையணுவுக்கும் என்ன தொடர்பு என்ற கேள்வி எழலாம். வெள்ளையணுக்களும் ஆற்றலைக் கொண்டே இயங்குகின்றன என்பதே இதற்கான விடை. தாக்குதலில் ஈடுபடும் டி-உயிரணுக்கள் விரைந்து பெருக வேண்டியிருப்பதால் குளுக்கோசை மிகுதியாக எரிக்கின்றன; இதற்கு எம்டோர் துணைசெய்கிறது. தாக்குதலை அடக்கும் ஒழுங்குபடுத்தும் டி-உயிரணுக்களோ கொழுப்பமிலங்களை எரிப்பதையே பெரிதும் சார்ந்துள்ளன. ஆகவே எம்டோரை அடக்கி ஏ.எம்.பி. கைனேசைத் தூண்டும் ஒரு மருந்து, முன்னவற்றைத் தளர்த்திப் பின்னவற்றை வலுப்படுத்தக்கூடும்.

இக்கருத்துக்குச் சான்றுகள் முன்னரே இருந்தன. மூளை, தண்டுவடம் ஆகியவற்றைத் தாக்கும் தன்னுடல் தாக்குநோயின் சுண்டெலி மாதிரியில் மெட்பார்மின் பயன்தந்ததாக 2009இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. 2015ஆம் ஆண்டு, புளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் லூப்பசு நோயுள்ள சுண்டெலிகளில், குளுக்கோசுப் பயன்பாட்டைத் தடுக்கும் மற்றொரு பொருளுடன் மெட்பார்மினைச் சேர்த்து வழங்கியபோது நோயின் பல அடையாளங்கள் பின்வாங்கியதைக் காட்டினர்.

ஆய்வில் பயன்பட்ட சுண்டெலி

இவ்வாய்வில் பயன்பட்டது 'உடற்பருமனற்ற நீரிழிவுச் சுண்டெலி' என்னும் பொருளில் என்.ஓ.டி. எனச் சுருக்கமாக அழைக்கப்படும் இனமாகும். சப்பானின் சியோனோகி ஆய்வகத்தில், கண்புரை உண்டாகும் சுண்டெலிகளை உருவாக்கும் முயற்சியின்போது தற்செயலாகக் கிடைத்த இவ்வினம் 1980ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. இச்சுண்டெலிகளின் கணையத்தை அவற்றின் வெள்ளையணுக்களே தாக்குவதால் முதலாம் வகை நீரிழிவு தானாகத் தோன்றுகிறது. பெண் சுண்டெலிகளில் இது மிகுதி. இவற்றின் உமிழ்நீர், கண்ணீர்ச் சுரப்பிகளிலும் நிணநீர்க்கலங்கள் குவிந்து, வயது ஏற ஏற உமிழ்நீர் குறைவதால், சோகிரென் நோயின் மாதிரியாகவும் இவை பயன்படுகின்றன.

இவ்வினத்தில் செய்யப்பட்ட ஒரு பழைய ஆய்வு இங்குக் குறிப்பிடத்தக்கது. பி-உயிரணுக்கள் இல்லாதவாறு மரபணு மாற்றப்பட்ட என்.ஓ.டி. சுண்டெலிகளின் சுரப்பிகளில் டி-உயிரணுக்கள் குவிந்திருந்தும், உமிழ்நீர் குறையவில்லை. ஆனால் சோகிரென் நோயாளரின் குருதியிலிருந்து பிரித்த பிறபொருளெதிரிகளைச் செலுத்தியபோது உமிழ்நீர் குறைந்தது. 1998இல் வெளியான இம்முடிவு, சுரப்பியில் வெள்ளையணுக்கள் குவிவது மட்டுமே வாய் உலர்வுக்குக் காரணமன்று, பி-உயிரணுக்கள் உண்டாக்கும் பிறபொருளெதிரிகளுக்கும் பங்குண்டு என்பதைக் காட்டியது. எனவே ஒரு மருந்து டி-உயிரணுக்களை மட்டுமன்றிப் பி-உயிரணுக்களையும் எவ்வாறு மாற்றுகிறது என்று பார்ப்பது தேவையாகிறது.

சோதனை முறை

சுண்டெலிகள் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, ஒரு குழுவுக்கு மெட்பார்மினும் மற்றொன்றுக்கு மருந்தற்ற கரைசலும் வாய்வழியாக வழங்கப்பட்டன. இரண்டாம் குழு ஒப்பீட்டுக் குழு எனப்படும். இக்குழு இல்லாவிடில், காணப்படும் மாற்றம் மருந்தால் வந்ததா, வயதால் வந்ததா என்று பிரித்தறிய இயலாது.

சுண்டெலியிடம் "வாய் உலர்ந்துள்ளதா" என்று கேட்க முடியாது. ஆகையால் உமிழ்நீரை நேரடியாக அளக்க வேண்டும். இத்தகைய ஆய்வுகளில் பொதுவாகச் சுண்டெலிக்கு மயக்கமருந்து கொடுத்து, பைலோகார்ப்பின் செலுத்தி உமிழ்நீரைத் தூண்டி, குறிப்பிட்ட சில நிமிடங்களில் வாயில் ஊறும் நீரைச் சேகரித்து அளப்பர். நோயாளருக்கு மருந்தாக அமையும் பைலோகார்ப்பின் இங்கு அளவுகருவியாகப் பயன்படுவது கவனிக்கத்தக்கது. பின்னர்ச் சுரப்பிகள் மெல்லிய சீவல்களாக வெட்டப்பட்டு, சாயமேற்றப்பட்டு, நுண்நோக்கியில் மதிப்பிடப்படுகின்றன. குருதியிலும் மண்ணீரலிலும் உள்ள வெள்ளையணு வகைகள், ஒளிரும் சாயங்களைக் கொண்டு உயிரணுக்களை ஒவ்வொன்றாக எண்ணும் பாய்வு அளவியல் முறையில் கணக்கிடப்படுகின்றன.

முடிவுகள்

ஒப்பீட்டுக் குழுவோடு ஒப்பிடுகையில், மெட்பார்மின் பெற்ற சுண்டெலிகளில் பின்வரும் மாற்றங்கள் காணப்பட்டன:

- உமிழ்நீர்ச் சுரப்பிகளில் அழற்சி குறைந்தது.
- உமிழ்நீர் சுரக்கும் வேகம் மேம்பட்டது.
- சுரப்பியில் அழற்சியைத் தூண்டும் இன்டர்லியூக்கின்-6, இன்டர்லியூக்கின்-17, கட்டிநசிவுக் காரணி-ஆல்பா ஆகியவற்றின் அளவு குறைந்தது.
- இன்டர்லியூக்கின்-17ஐச் சுரக்கும் துணை டி-உயிரணுக்களும், பி-உயிரணுக்களுக்கு உதவும் நுண்குமிழ்த் துணை டி-உயிரணுக்களும் குறைந்தன. ஒழுங்குபடுத்தும் டி-உயிரணுக்கள் கூடின.
- பி-உயிரணுக்கள் முளைமைய உயிரணுக்களாக மாறுவது குறைந்தது. குருதியில் இம்யூனோகுளோபுலின்-ஜி அளவும் குறைந்தது.

முளைமையம் என்பது பி-உயிரணுக்கள் பெருகி, தமது பிறபொருளெதிரிகளைக் கூர்மைப்படுத்திக்கொள்ளும் இடமாகும். நுண்குமிழ்த் துணை டி-உயிரணுக்களின் உதவியின்றி இது நடைபெறாது. ஆகவே மேற்கண்ட மாற்றங்கள் தனித்தனியானவை அல்ல. ஒன்றோடொன்று பொருந்தி வருபவை எனலாம்.

முடிவுகளின் வரம்புகள்

இவ்வாய்வின் முடிவுகளைப் படிப்போர் சிலவற்றைக் கருத்தில் கொள்ளுதல் வேண்டும்.

முதலாவது, நீரிழிவால் வரும் வாய் உலர்வு. என்.ஓ.டி. சுண்டெலிகளுக்கு நீரிழிவும் தோன்றும். குருதிச் சர்க்கரை மிகும்போது சிறுநீர் மிகுந்து, உடலில் நீர் குறைந்து, உமிழ்நீரும் குறையும். எனவே நீரிழிவு மருந்து ஒன்றை இச்சுண்டெலியில் சோதிக்கையில், உமிழ்நீர் கூடியது அழற்சி தணிந்ததாலா, சர்க்கரை குறைந்ததாலா என்ற ஐயம் இயல்பாக எழுகிறது. இச்சுண்டெலியின் நீரிழிவு இன்சுலின் அற்றுப்போவதால் வருவது. மெட்பார்மின் மட்டும் அதனைச் சீராக்க வல்லதன்று. சுரப்பி அழற்சியும் வெள்ளையணு மாற்றங்களும் சேர்ந்தே காணப்பட்டதும் அழற்சி தணிந்ததற்குச் சான்றாகும். இந்த ஐயத்தை முழுமையாக நீக்க, நீரிழிவு தோன்றாமல் சுரப்பி நோய் மட்டும் தோன்றும் என்.ஓ.டி. வழிவந்த இனங்கள் உள்ளன.

இரண்டாவது, காலம். சுண்டெலி ஆய்வுகளில் பெரும்பாலும் சுரப்பி முற்றிலும் சிதையும் முன்னரே மருந்து தொடங்கப்படுகிறது. மனிதரிலோ, வாய் உலர்வு தெரிந்து, மருத்துவரைக் கண்டு, நோய் இன்னதென உறுதியாவதற்குள் ஆண்டுகள் பல கடந்துவிடுவதுண்டு. அழற்சியைத் தடுக்கும் மருந்து, ஏற்கெனவே அழிந்து தழும்பாகிவிட்ட திசுவை மீட்கும் எனக் கொள்ள இயலாது.

மூன்றாவது, மருந்தின் அளவு. சுண்டெலியின் வளர்சிதைமாற்றம் விரைவானது என்பதால், உடல் எடைக்கு மனிதரைவிட மிகுதியான அளவு அதற்கு வழங்கப்படுகிறது. உடலின் மேற்பரப்பை அடிப்படையாகக் கொண்ட கணக்கில், சுண்டெலிக்குரிய அளவை ஏறத்தாழ 12.3ஆல் வகுத்தால் மனிதருக்குரிய அளவு கிடைக்கும். எடுத்துக்காட்டாக, சுண்டெலிக்குக் கிலோவுக்கு 250 மில்லிகிராம் என்பது மனிதருக்குக் கிலோவுக்கு ஏறத்தாழ 20 மில்லிகிராம். அதாவது 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1200 மில்லிகிராம் ஆகும்.

மனிதரில் பயன்

சுண்டெலியில் வெற்றிபெற்ற மருந்து மனிதரிலும் வெற்றிபெறும் என்பதற்கு உறுதி இல்லை. இதற்கு லூப்பசு நோய் ஓர் எடுத்துக்காட்டு. சுண்டெலி ஆய்வுகள் நம்பிக்கை தந்த பின்னர், சாங்காய் நகரில் 140 லூப்பசு நோயாளர்களிடம் மெட்பார்மின் சோதிக்கப்பட்டது. 2020ஆம் ஆண்டு வெளியான முடிவில், மருந்து பெற்றோருக்கு நோய் மீண்டும் தீவிரமடைந்த நிகழ்வுகள் போலிமருந்து பெற்றோரைவிடக் குறைவாக இருந்தன. ஆயினும் அவ்வேறுபாடு தற்செயலானதன்று என்று கூறுமளவுக்குப் புள்ளியியல் உறுதி பெறவில்லை.

சோகிரென் நோயிலும் இதுபோன்ற படிப்பினை உண்டு. இன்பிளிக்சிமாப் முதலில் ஒரு சிலரிடம், ஒப்பீட்டுக் குழு இன்றி வழங்கப்பட்டு, 2001இல் நற்பயன் தருவதாகக் கூறப்பட்டது. மூன்றாண்டுகளுக்குப் பின்னர் ஒப்பீட்டுக் குழுவுடன் நடந்த ஆய்வு அதனை உறுதிசெய்யவில்லை. நோயாளர் தம் நிலையை மதிப்பிடும்போது எதிர்பார்ப்பும் அதில் கலந்துவிடும் என்பதால், போலிமருந்துடன் ஒப்பிடுவது இந்நோயில் மிகவும் தேவையானது.

மறுபுறம், மெட்பார்மினுக்குச் சில சாதகங்கள் உள்ளன. இது விலை குறைந்தது. காப்புரிமைக் கட்டுப்பாடு அற்றது. இதன் பக்க விளைவுகள் பல்லாண்டுப் பயன்பாட்டால் நன்கு அறியப்பட்டவை. புதிய மருந்தொன்றுக்குச் செய்ய வேண்டிய தொடக்கநிலைப் பாதுகாப்புச் சோதனைகள் பலவற்றை மீண்டும் செய்ய வேண்டியதில்லை.

பாதுகாப்பு

மெட்பார்மின் மருத்துவரின் பரிந்துரையின்றி உட்கொள்ளத்தக்க மருந்து அன்று. வயிற்றுப்போக்கு, குமட்டல், வாயில் உலோகச் சுவை ஆகியன இதன் பொதுவான பக்க விளைவுகளாகும். சோகிரென் நோயாளரைப் பொறுத்தவரை இரு செய்திகள் சிறப்பாகக் கவனிக்கத்தக்கவை.

- சிறுநீரகம் கடுமையாகப் பாதிக்கப்பட்டோருக்கு மெட்பார்மின் உடலில் தேங்கி, அரிதாக இலாக்டிக் அமிலம் மிகுதலை உண்டாக்கலாம். சோகிரென் நோயும் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது.
- நெடுங்காலம் உட்கொள்வோருக்கு உயிர்ச்சத்து பி12 குறையலாம். இக்குறைபாட்டால் கைகால்களில் மரத்துப்போதல் தோன்றலாம். சோகிரென் நோயின் நரம்புப் பாதிப்பும் இதே அறிகுறியைத் தருவதால், ஒன்றை மற்றொன்றாகக் கருதிவிடும் வாய்ப்புண்டு.

இவற்றையும் பார்க்க

- தன்னுடல் தாக்குநோய்
- நீரிழிவு நோய்
- உமிழ்நீர்
- முடக்கு வாதம்
- பிறபொருளெதிரி